பேராசிரியரின் சாம்பல் கிண்ணம்

நாமெல்லாம் அறுபதைத் தாண்டிவிட்டோம். கொலோனில் மண்டபத்தில் கூடினால் முதலில் முழங்கால் வலி, பிறகு ஜேர்மனிக்கு வந்த கதை. கிழக்கு பெர்லினில் இறங்கியது, ரயிலில் இந்தப் பக்கம் கடந்தது, முகாமில் தின்ற கல்லுப் போன்ற ரொட்டி. உங்கள் கதைகளை முப்பது வருஷமாகக் கேட்டுச் சிரித்துவருகிறேன். வருஷத்துக்கு வருஷம் அதில் குளிர் கூடுகிறது. நீங்களும் கொஞ்சம் வீரர்களாகிக்கொண்டே போகிறீர்கள். என் முறை வந்தால் மட்டும், "உங்களுக்கென்ன அக்கா, நீங்கள் ஸ்கொலர்ஷிப்பிலை வந்த ஆக்கள்" என்று ஒரு சிரிப்பு.

ஓம், அப்படித்தான் வந்தோம். அறுபத்தொன்பதாம் ஆண்டு சித்திரையில், எனக்குப் பத்து வயது. எவரும் எங்களைத் துரத்தவில்லை. ஹனோவரில் நாங்கள் கழித்த முதல் மாரிகாலத்தைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் பேசியதில்லை. அதில் எவருக்கும் பெருமை இல்லை. எனக்கு இல்லவே இல்லை.

அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் பொறியியலாளராக இருந்தவர். துறைமுகங்களில் மண் எப்படிச் சேர்கிறது என்று ஆராய்வதற்காக இரண்டு வருஷப் புலமைப்பரிசில் கிடைத்து, எங்களுக்கு ஒரு வருஷம் முந்தியே ஹனோவருக்குப் போய்விட்டார். ஹனோவரில் கடல் இல்லை. ஆகையால் ஒரு பெரிய கூடத்தில் சீமெந்துத் தொட்டி கட்டி, இயந்திரத்தால் அலை எழுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூடத்துக்குத் தலைவர் ஒரு பேராசிரியர். உயரமானவர், சிவந்த கழுத்து, எப்போதும் கையில் சுருட்டு. விடுமுறையில் கடலுக்கடியில் முங்கி நீந்துவது அவருடைய பொழுதுபோக்கு. மூழ்கிய கப்பல்களைத் தேடிப் போவார்.

என் அப்பா ஊரில் கீழே வேலை செய்தவர்களை அதட்டியே பழகியவர். ஹனோவரில் அந்தப் பேராசிரியரின் மேற்கோட்டை வாங்கிக் கொளுவியில் மாட்டுவதற்கு இரண்டு ஜேர்மன் உதவியாளர்களோடு போட்டி போட்டார். நான் கண்ணால் பார்த்தேன். அவரை மகிழ்விக்க வேறு எதுவும் கையில் இல்லாதபோது, எங்கள் குடாவை எடுத்துக் கொடுத்தார். "எங்கள் துறைமுகத்தில் யுத்தத்தில் எரிந்த சரக்குக் கப்பல் ஒன்று கிடக்கிறது. ஆழம் அதிகமில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி." அங்கே முங்குவதற்கு அனுமதி எடுக்கத் தன் பழைய மேலதிகாரிக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். நாங்கள் வந்த வருஷக் கோடையில் பேராசிரியர் இரண்டு நண்பர்களோடும் நீருக்கடியில் படம் பிடிக்கும் கமராவோடும் இலங்கைக்குப் போய் மூன்று கிழமை இருந்துவிட்டு வந்தார்.

அம்மாவுக்கு அப்பா சொன்னது வேறு. "சீகிரியா பாக்கப் போறார்" என்றார்.

அந்தக் கப்பலில் அம்மாவின் அண்ணர் இருந்தார்.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் மாலுமி இல்லை. சரக்கு இறக்கும் கூலி. பத்தொன்பது வயது. நாற்பத்திரண்டில், சித்திரை வருஷப்பிறப்புக்குச் சில நாள் முந்தி, காலையில் யப்பான்காரன் வந்து குண்டு போட்டான். அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. அண்ணர் விடியும் முன்னரே சோற்றைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். இடி என்றுதான் முதலில் நினைத்தார்களாம். பிறகு சீனக்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கி ஒன்று பற்றி, நாட்கணக்காக எரிந்தது. கொடியில் காயப்போட்ட வேட்டியெல்லாம் கறுத்துப்போனது. ஊர் முழுக்க மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது, அம்மாவின் தகப்பனார் மட்டும் ஓடாமல் துறைமுக வாசலில் போய் நின்றார். கப்பல் ஆட்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று அங்கே இருந்தது. அதில் கூலியாட்களின் பெயர் இருக்கவில்லை. இல்லாத பெயரை எப்படித் தேடுவது என்று அங்கிருந்த எழுத்தர் அவரையே திருப்பிக் கேட்டாராம்.

உடல் கிடைக்கவில்லை. யுத்தம் முடிந்த பிறகும் அந்தக் கப்பலின் கம்பம் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. மீன்பிடிக்கிறவர்கள் அதில் வள்ளத்தைக் கட்டினார்கள். பள்ளிக்கூடப் பையன்கள் அதிலிருந்து குதித்து நீந்தப் பழகினார்கள். அப்பாவும் அங்கேதான் நீந்தப் பழகினார். அம்மாவைக் கட்டியபோது அவருக்கு எல்லாம் தெரியும்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பேராசிரியர் வீட்டில் படக்காட்சி. ஸ்லைட் படங்களைச் சுவரில் ஒளிபாய்ச்சிக் காட்டுவது அந்தக் காலத்தில் ஜேர்மன்காரருக்கு ஒரு நோய். எங்கே போய்வந்தாலும் பத்துப் பேரைக் கூட்டி வைத்து, உருளைக்கிழங்குச் சலாது கொடுத்து, இருட்டில் இருத்திவிடுவார்கள். நாங்கள் குடும்பமாக அழைக்கப்பட்டிருந்தோம். அம்மா பச்சைக் காஞ்சிபுரம் உடுத்து, மேலே தேவாலயத்தில் இலவசமாகக் கொடுத்த சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டைப் போட்டிருந்தாள். கோட்டு முழங்காலோடு நின்றது. சேலை பனிச்சேற்றில் இழுபட்டது. ட்ராமில் நான் அவளிடமிருந்து ஒரு இருக்கை தள்ளி உட்கார்ந்தேன். என் வகுப்புப் பிள்ளைகள் யாரும் ஏறிவிடக்கூடாதே என்ற பயம் எனக்கு.

அம்மாவுக்கு அப்போது ஜேர்மன் தெரியாது. பால், ரொட்டி, நன்றி. அவ்வளவுதான். கடை, மருத்துவர், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் நான்தான் அவளுடைய வாய். பத்து மாதத்தில் நான் அந்த மொழியைப் பிடித்துவிட்டேன், அதில் எனக்குத் தாங்க முடியாத தலைக்கனம்.

இறங்குவதற்கு முன் அப்பா என் காதருகே குனிந்தார்.

"பிள்ளை, என்ரை அன்ட்ராக், அந்த விண்ணப்பம், இந்தக் கிழமை புரொபெசற்றை மேசையிலை கிடக்கு. அவர் கையெழுத்துப் போட்டால்தான் இன்னும் ரெண்டு வருஷம் தருவாங்கள். அம்மா என்ன சொன்னாலும் நல்ல விதமாச் சொல்லு. விளங்குதே?"

"ஓம் அப்பா."

பேராசிரியரின் வீட்டில் தடித்த கம்பளமும் சுருட்டு மணமும். நிலவறைக்குப் போகும் கதவில் அவருடைய கறுத்த றப்பர் உடை, உரித்த தோல் மாதிரித் தொங்கியது. அவர் மனைவி என் கன்னத்தைத் தட்டி, வாயில் மார்சிபான் என்ற பாதாம் இனிப்பு உருண்டை ஒன்றை வைத்து, "எவ்வளவு கெட்டிக்காரி" என்றாள். அந்த உருண்டைக்கும் அந்தச் சொல்லுக்கும் நான் விலைபோனேன் என்று இன்று சொல்லலாம். அன்று அது தித்தித்தது.

பன்னிரண்டு பேர் இருந்தோம். அப்பாவின் அலைத்தொட்டிக் கூடத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மதராஸ்கார மாணவர் ஒருவரும் வந்திருந்தார். எங்களைத் தவிர அங்கே தமிழ் தெரிந்தவர் அவர் மட்டும்தான்.

திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள். படம் காட்டும் பெட்டி சூடேறி, தூசி கருகும் மணம் வந்தது. முதலில் யானை. பிறகு தென்னை. பிறகு பாறைமேல் கோணேசர் கோயில், அதற்குக் கீழே கடல். அம்மா சின்னப் பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கிக் காட்டினாள். "பிள்ளை, அங்கை பார், எங்கடை கோயில்" என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் பார்க்காதவள் மாதிரி இருந்தேன்.

அடுத்த படம் முழுவதும் நீலம். அதற்கடுத்ததில் அந்த நீலத்துக்குள் ஒரு இரும்புச் சுவர். அதில் சிவப்பாகவும் மஞ்சளாகவும் ஏதோ பூத்திருந்தது.

"யுத்தம் அழித்ததை இயற்கை தோட்டமாக்கியிருக்கிறது" என்றார் பேராசிரியர். இந்த வசனத்தை அவர் முன்னரே எழுதி வைத்திருந்தார். கையில் தாள் இருந்தது.

அம்மா என் கையைப் பிடித்தாள். "என்ன கப்பல் இது?"

"தெரியாது" என்றேன். தெரியும். அவர் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். யப்பானிய விமானங்கள், நங்கூரமிட்டிருந்த கப்பல், தீ. முன்வரிசையில் அப்பா நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவருடைய கடிதம் இல்லாவிட்டால் எங்களுக்கு அனுமதியே கிடைத்திராது" என்று பேராசிரியர் அவர் தோளில் கை வைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அம்மாவும் தட்டினாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது.

ஒரு பெண் கேட்டாள், ஆட்கள் இறந்தார்களா என்று.

"இல்லை. கப்பல் ஆட்கள் எல்லோரும் கரை சேர்ந்துவிட்டார்கள். பதிவுகளில் இருக்கிறது."

"கடவுளுக்கு நன்றி" என்றாள் அவள். சலாதுக் கோப்பை கைமாறியது.

அங்கிருந்த ஜேர்மன் ஆண்கள் எல்லோரும் ஐம்பது வயதுக்காரர். எல்லோரும் ஏதோ ஒரு முனையில் சீருடை போட்டு நின்றவர்கள்தான். தங்கள் யுத்தத்தைப் பற்றி ஒரு சொல் அவர்கள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. எங்கள் குடாவில் நடந்ததை மட்டும் இரண்டு மணித்தியாலம் பேசினார்கள். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் எழுந்துபோய், குண்டு எந்தக் கோணத்தில் துளைத்திருக்கும் என்று சுவரில் விரலால் கோடு போட்டார். இன்னொருவர் அது இந்தக் கோணம்தான் என்றார். இருவரும் மிகவும் சந்தோஷமாக இருந்தார்கள்.

வெளிச்சம் போட்டதும் மற்ற அறைக்குக் கூட்டிப்போனார்கள். நீளமான மேசையில் வெல்வெட்டுத் துணி விரித்து, கப்பலிலிருந்து எடுத்துவந்ததைப் பரப்பியிருந்தார்கள். நீலக் கரை போட்ட பீங்கான் தட்டுகள், ஒரு பித்தளை யன்னல் வளையம், போத்தல்கள். மேசை ஓரத்தில், நன்றாகத் துலக்கிய ஒரு பித்தளைப் பாத்திரம். அதற்குள் இரண்டு சுருட்டுக் கட்டைகள் கிடந்தன.

எங்கள் ஊரில் அதைத் தூக்குச்சட்டி என்போம். பிடிக்கம்பியைக் கடல் தின்றுவிட்டது. கம்பி கொளுவும் இரண்டு காதுகள் மட்டும் மிச்சம்.

"இது என் பொக்கிஷம்" என்றார் பேராசிரியர். "இது கப்பலுடையதாக இருக்க முடியாது. கோயிலில் நைவேத்தியம் வைக்கும் பாத்திரமாக இருக்கலாம். பாருங்கள், ஒரு புனிதக் குறி கூட இருக்கிறது." புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்தைக் காட்டினார். பிறகு, பேச்சுக்கு நடுவில், பழக்கதோஷத்தில், அதிலேயே சுருட்டைத் தட்டினார்.

அந்தப் புனிதக் குறி 'மு'. சட்டி மாறிப்போகாமல் இருக்க வீட்டுக்காரர் பெயரின் முதலெழுத்தைக் குத்தி வைப்பது எங்கள் ஊர் வழக்கம். முதலாம் வகுப்புப் பிள்ளையும் அதை வாசிக்கும். நான் வாசித்தேன், வாயைத் திறக்கவில்லை.

அம்மாவும் வாசித்தாள். அது என்ன கப்பல் என்று அதற்குமேல் அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மெல்ல மேசைக்குக் கிட்டப் போய், அந்தச் சட்டியின் விளிம்பில் விரலை வைத்தாள்.

"பிள்ளை, இஞ்சை வா" என்றாள். "இவரிட்டைச் சொல்லு. இது பூசைச் சாமான் இல்லை. கூலிக்குப் போனவன்ரை சோத்துச் சட்டி. அந்தக் கப்பலிலை என்ரை அண்ணரும் போனவர். இது அண்ணற்றை இல்லை, அவற்றை பேர் வேறை. ஆனா இதுவும் ஆரோ ஒருத்தியின்ரை அண்ணன்ரை. இதுக்குள்ளை சாம்பல் தட்ட வேண்டாமெண்டு சொல்லு. எடுத்த இடத்திலை கொண்டுபோய்ப் போடச் சொல்லு. ஏலாட்டி என்னட்டைத் தரச் சொல்லு."

பேராசிரியர் என்னைப் பார்த்துக் குனிந்தார். "சின்னவளே, அம்மா என்ன சொல்கிறார்?"

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு இரண்டு மொழியும் தெரியும். அவரே சொல்லியிருக்கலாம்.

நான் சொன்னேன்: "இது மிகவும் அழகாக இருக்கிறதாம். ஊர் ஞாபகம் வந்துவிட்டதாம்."

அப்பா சொல்லிவைத்ததால்தான் அப்படிச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அந்த அறையில் எல்லோரும் என்னை விரும்பினார்கள். அழுக்கான சேலைக் கரையோடு நிற்கும் ஒருத்திக்காக அதை இழக்க எனக்கு மனமில்லை.

பேராசிரியரின் கண்கள் கலங்கிவிட்டன. அந்த மனிதருக்குத் தன் நல்ல மனசைத் தானே பார்த்துக் கலங்கும் பழக்கம் உண்டு. சட்டியை எடுத்தார். சாம்பலைக் கணப்படுப்பில் கொட்டினார். தன் கைக்குட்டையால் உள்ளே துடைத்தார். இரண்டு கைகளாலும் அதை அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். பிறகு சட்டியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள். அழுதாள். அவளை நான் அதற்கு முன் அழுது கண்டதில்லை. விருந்தாளிகள் கை தட்டினார்கள்.

மதராஸ் மாணவர் என் பக்கத்தில் வந்து, கோப்பையைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, அவங்க சொன்னது வேற இல்ல?"

நான் மேசையிலிருந்த தட்டுகளை எண்ணத் தொடங்கினேன்.

"சரி, விடு. எல்லாரும் ஹேப்பி. நானும் ஒண்ணும் கேக்கல, ஓகே?" என்றுவிட்டு இன்னொரு துண்டு கேக் எடுக்கப் போனார். பின்னாளில் அவர் பெரிய விஞ்ஞானி ஆனாராம். ஆகத்தான் செய்வார்.

திரும்பி வரும் ட்ராமில் அம்மா சட்டியைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். "நல்ல மனுசன்" என்றாள். "சொன்ன உடனை தந்திட்டார். எங்கடை ஆக்களெண்டாலும் தரமாட்டாங்கள்." என் தலையைத் தடவினாள். "நீயும் வடிவாச் சொன்னனீ."

அப்பா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கிழமை அன்ட்ராக்கில் கையெழுத்து விழுந்தது. அந்த இரண்டு வருஷம் நிரந்தர வேலையாக மாறியது. நாங்கள் ஊருக்குத் திரும்பவில்லை.

அம்மா சட்டியை வினாகிரியும் உப்பும் போட்டுத் தேய்த்தாள். சுருட்டு மணம் போகச் சில நாட்கள் பிடித்தன. ஒவ்வொரு சித்திரையிலும் குசினி மேசையில் விளக்கேற்றி, அதில் சோறும் மீன்குழம்பும் படைத்தாள். தன் அண்ணர் பெயரைச் சொல்வாள். பிறகு 'மு' என்ற அந்தப் பெயர் தெரியாதவருக்கும் ஒரு கவளம் வைப்பாள். நான் பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டு நிற்பேன். அடுத்த நாள் பயத்தம் பணியாரம் சுட்டு, டப்பாவில் அடைத்து, பேராசிரியர் வீட்டுக்கு அனுப்புவாள். கொண்டுபோவது நான். அவர் அதைத் தின்றுகொண்டே, விருந்தாளி யாராவது இருந்தால், அழகைக் கண்டு அழுத கீழைத்தேயப் பெண்ணின் கதையைச் சொல்வார். ஒவ்வொரு முறையும் கண்ணீர் சற்றுக் கூடும். "இல்லையா, சின்னவளே?" என்பார். "ஆமாம்" என்பேன். உங்கள் பெர்லின் கதைகளைப் பார்த்து நான் ஏன் சிரிக்கிறேன் என்று இப்போது தெரிகிறதா? கதை வளர்வதைக் கிட்ட இருந்து பார்த்தவள் நான்.

எழுபத்தொன்பதில் பேராசிரியர் இறந்தார். எனக்கு இருபது வயது, பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தேன். அம்மா அப்போது மருத்துவமனைச் சலவைப் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தாள். கூட வேலை செய்த துருக்கிப் பெண்களோடும் போலந்துப் பெண்களோடும் பேசிப் பேசி, இலக்கணம் எல்லாம் உடைந்த ஒரு ஜேர்மன் அவளுக்கு வந்துவிட்டது. பேச வராவிட்டாலும் கேட்டால் பெரும்பாலும் விளங்கும். அது எவ்வளவு என்று நான் கவனிக்கவில்லை. அவளைப் பற்றி நான் எதையும் கவனிக்கவில்லை.

"அந்த மனுசனுக்கு நான் வரத்தான் வேணும்" என்று கறுப்புக் கோட்டு வாங்கி வந்தாள்.

அடக்கம் முடிந்து, ஒரு உணவகத்தில் எல்லோரையும் இருத்திக் கோப்பி கொடுத்தார்கள். பேராசிரியரின் மனைவி எழுந்து பேசினாள். அவருடைய பயணங்கள், கண்டுபிடிப்புகள், மென்மையான இதயம். அம்மாவைக் கை காட்டினாள். "இங்கே இருக்கிறார் அந்தப் பெண்மணி. என் கணவர் கடலடியிலிருந்து கொண்டுவந்த அந்தச் சாம்பல் கிண்ணத்தைப் பார்த்து, எவ்வளவு அழகு என்று சொல்லி அழுதவர். இவருடைய கணவர்தான் அந்தக் கப்பலுக்கே வழி காட்டியவர்."

எல்லோரும் எங்களைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தார்கள்.

அம்மா கோப்பியைக் கீழே வைத்தாள். அப்பாவை அவள் பார்க்கவே இல்லை. அவரிடம் அவள் எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். என் பக்கம் திரும்பினாள்.

"நீ அண்டைக்கு என்ன சொன்னனீ?"

"அம்மா, நான் சின்னப் பிள்ளை…"

"என்ன சொன்னனீ?"

"வடிவா இருக்கெண்டு."

அவள் கைப்பையைப் பூட்டினாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து, நாற்காலிகளுக்கு இடையால் நடந்து, பேராசிரியரின் மனைவிக்கு முன்னால் போய் நின்றாள். நான் பின்னால் ஓடினேன். அம்மா கையைப் பின்னால் நீட்டி என்னை நிறுத்தினாள். தன்னுடைய உடைந்த ஜேர்மனில் சொன்னாள்: "உங்கள் கணவர் நல்லவர். ஆனால் அழகு இல்லை. அது சாப்பாடு. வேலை ஆள் சாப்பாடு. என் அண்ணன் அங்கே செத்தது. அந்தக் கப்பல்."

அந்த அம்மாள் அம்மாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டாள். "ஆமாம், அன்பே, ஆமாம்" என்றாள். "அவருக்கும் இந்தியா என்றால் உயிர்."

அம்மா தலையாட்டிவிட்டு வந்து கோட்டை எடுத்துக்கொண்டாள்.

சித்திரையில் சோறு படைப்பதை அவள் விடவில்லை. அதற்கு என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு கடைக்கோ அலுவலகத்துக்கோ பல் மருத்துவரிடமோ என்னை ஒருநாளும் துணைக்கு அழைத்ததில்லை. படிவங்களைப் பிழையாக நிரப்பினாள், பிழையான ரயிலில் ஏறினாள், கவுண்டர்களில் சிரிப்புக்கு ஆளானாள். நான் வரட்டுமா என்று கேட்டால், "ஏன், எனக்கு வாயில்லையே?" என்பாள். என்னோடு கோபம் என்று சொல்ல முடியாது. சமைத்துத் தந்தாள், என் பிள்ளைகளைத் தூக்கினாள், என் கலியாணத்தில் சிரித்தாள்.

கடைசி நோயில், மருத்துவர் பரிசோதனை முடிவுகளோடு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இளைஞர், மரியாதை தெரிந்தவர். விஷயம் பெரியது, சொற்கள் நீளமானவை. என்னைப் பார்த்து, "நீங்கள் தாய்மொழியில் சொல்லிவிடுகிறீர்களா?" என்று கேட்டார்.

அம்மா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். "வேண்டாம்" என்றாள் ஜேர்மனில். "மகள் வெளியே. நீங்கள் சொல்லுங்கள். எனக்கு விளங்கும்."

அந்தச் சொற்களில் ஒன்றுகூட அவளுக்கு விளங்காது என்று எனக்குத் தெரியும். கதவைச் சாத்திவிட்டு நடைவழியில் போய் நின்றேன்.